குளியல்கூடத்துக் குமே போட்ட ஓட்டு

எங்கள் தீவில் குமேயின் கையெழுத்தை அறியாதவர் கிடையாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கூட அறிவார். ஏனென்றால் தீவுக்கு ஒரே ஒரு பொதுக் குளியல்கூடம், அதை நடத்துகிறவள் குமே. வந்தவர் உடுப்பைக் கழற்றி வைக்க ஆண்கள் பக்கம் நாற்பத்தேழு பெட்டி, பெண்கள் பக்கம் நாற்பத்தேழு பெட்டி. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஓர் எழுத்து. ‘இ’, ‘ரோ’, ‘ஹா’ என்று தொடங்கி ‘சு’ வரை அத்தனையையும் தூரிகை பிடித்து எழுதியவள் அவள். “யாரு, அந்த ‘நு’ பெட்டிக்காரர் மருமகளா?” என்றுதான் எங்கள் பக்கத்தில் ஆளையே அடையாளம் சொல்வார்கள்.

குமே இந்தத் தீவில் பிறந்தவள் அல்ல. எதிர்க்கரையில் உப்பளத்துக் கூலி வீட்டில் மூத்த பெண். ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனாள். அந்தக் காலத்தில் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது கதகானா என்னும் குச்சியெழுத்துதான். தந்தியில் வருமே, அது. ஹிராகனா என்னும் வளைவெழுத்து இரண்டாம் வகுப்பில். அந்த இரண்டாம் வகுப்புக்குப் போவதற்குள் தம்பி பிறந்துவிட்டான். அவனை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டாள். அந்தத் தம்பிதான் பிறகு ரயிலில் கரி அள்ளுகிறவனாகப் போனவன்.

பத்தொன்பது வயதில் இசோபே வீட்டு இளைய மகன் இசாபுரோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இசோபே வீடு என்றால் வலைக்காரர் வீடு. ஆறு படகு, முப்பது ஆள். சொத்தெல்லாம் மூத்தவர் சதகிச்சிக்கு. இளையவனுக்கு என்று பிரித்துக் கொடுத்தது இந்தக் குளியல்கூடத்தை மட்டும். அதுவும் நிலம் அண்ணன் இருக்கும் பெரிய வீட்டு நிலம். அடுப்புக்கு விறகும் பெரிய வீட்டுப் படகுத்துறையிலிருந்துதான் வரும். உடைத்த படகுப் பலகை, வலைக்கூடத்துக் கழிவு மரம், எல்லாம் ஒன்று விட்டு ஒரு நாள் வண்டியில் வந்து இறங்கும். தீவில் மரம் ஏது? அந்த வண்டி வராவிட்டால் வெந்நீர் கிடையாது. வெந்நீர் இல்லாவிட்டால் குமேக்குச் சோறு கிடையாது.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் இசாபுரோ அவளுக்கு வளைவெழுத்துச் சொல்லிக் கொடுத்தான். கரும்பலகை எதற்கு? குளியல்கூடத்துக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். அதில் விரலால் அவன் எழுதுவான், அவன் எழுதிய தடத்தின் மேலேயே இவள் விரல் போகும். அதனால் அவள் கை அப்படியே அவன் கையாகிவிட்டது. ‘சி’ எழுத்தின் வயிறு ஊதிப் பருத்திருக்கும், ‘சா’வின் கால் இடது பக்கம் சறுக்கிப் போகும். இரண்டு பேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே பிரித்துச் சொல்ல வராது.

நாலு வருஷத்துக்கு முன் நடந்த கிராம சபைத் தேர்தலில் இது ஊர்ச் சிரிப்பாகவே ஆனது. நம்முடைய ஓட்டுச் சீட்டில் அச்சடித்த பெயர் ஏதும் இருக்காதே. வெற்றுச் சீட்டைக் கொடுப்பார்கள், வேண்டியவர் பெயரைப் பென்சிலால் நாமே எழுதிப் போடவேண்டும். குச்சியெழுத்தோ வளைவெழுத்தோ, புரிந்தால் செல்லும். எண்ணும்போது வேட்பாளருக்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். தேர்தலில் நின்ற சதகிச்சி தன் மகன் தொக்குஜியை உட்கார்த்தியிருந்தார். அவன் மறுநாள் குளிக்க வந்து இடுப்புத் துண்டோடு நின்று கத்தினான்.

“சித்தி! உங்க சீட்டும் சித்தப்பா சீட்டும் ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு, பாத்துக்கங்க. இரட்டைப் பிள்ளை மாதிரி! எண்ணுறவரு ஒரே சீட்டை ரெண்டு தரம் எண்ணிட்டோமோன்னு மூணு தரம் திருப்பிப் பாத்தாரு.”

இசாபுரோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “போடா, உன் சீட்டு நாய் கடிச்ச நண்டாட்டம் இருந்திருக்குமே, அதைச் சொல்லு முதல்ல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். குமேயும் சிரித்தாள். எழுதியது புருஷனின் அண்ணன், மச்சாண்டார் பெயர்தானே, மறைக்க என்ன இருக்கிறது?

அந்த ஆகஸ்டில் இசாபுரோவுக்கு வயிற்றுவலி வந்தது. மருத்துவச்சி ஹிரோசே நவோ வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைப்பேறு பார்க்கிறவள்தான், ஆனால் தீவில் நோய்நொடி என்றால் அவளைத்தான் கூப்பிடுவோம். “இது என் கையில இல்ல. எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கணும்” என்றாள். நெத்திலிக் காலம். ஆறு படகும் கடலில். துறையில் மிதந்தது துடுப்புத் தோணி ஒன்று, அதற்கும் தள்ள ஆள் இல்லை. சாயங்காலம் படகுகள் திரும்பி வந்தபோது சதகிச்சி கரையில் குதித்து ஓடி வந்தார். வந்து பயனில்லை, அதற்குள் இசாபுரோ போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதைப் பற்றி அதன் பிறகு சதகிச்சி ஒரு வார்த்தை பேசியதில்லை. குமேயும் கேட்டதில்லை. விறகு வண்டி மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது. ஒரே மகளை எதிர்க்கரை நூற்பாலைக்கு அனுப்பிவிட்டு, குமே தனியாகத் தண்ணீர் இறைத்தாள், அடுப்பு எரித்தாள், இரு பக்கமும் தெரியும் உயர்ந்த பீடத்தில் உட்கார்ந்து வந்தவரைக் கவனித்தாள். நாலு வருஷம் ஓடியது.

ஷோவா ஆண்டு முப்பதில் மறுபடி தேர்தல். பன்னிரண்டு இடம், பதின்மூன்று பேர். பதின்மூன்றாவதாக நிற்கிறேன் என்று வந்தவள் நவோ. பெண் பிள்ளை ஒருத்தி நிற்பது தீவுக்கே புதுசு. அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் பொதுவில் ஒரு எஞ்சின் படகு, மீன் பிடிக்கப் போகாமல் எப்போதும் துறையில் கட்டிக் கிடக்க வேண்டும், நோயாளிக்கென்று. சதகிச்சி கேட்டது அலைச்சுவரை இன்னும் முப்பது கஜம் நீட்ட. அதுவும் தப்பில்லை. புயலில் படகு உடைந்தால் முப்பது வீட்டு அடுப்பு அணையும். இரண்டுக்கும் சேர்த்துக் கிராமத்திடம் வசதி இல்லை, எது முதலில் என்பதுதான் பேச்சு.

குமே யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் நவோ பெயரைக் கேட்ட அன்றே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். முடிவு பண்ணிய பிறகுதான் ஓட்டு எண்ணும் மேசை ஞாபகம் வந்தது. தன் சீட்டு நவோவின் சீட்டுக் கட்டில் விழுந்தால் தொக்குஜி பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வான். அவனுக்குத் தெரிந்தால் பெரிய வீட்டுக்குத் தெரியும். சதகிச்சி கெட்டவர் அல்ல, ஆனால் கோபக்காரர். சொந்தத் தங்கை மகன் வலைக்கு வராமல் போனதற்கு மூன்று வருஷம் முகம் பார்க்காதவர். விறகு வண்டி நின்றால் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு நாள் பெண்கள் பக்கத்தில் எல்லாரும் போன பிறகு நவோ தலை துவட்டிக்கொண்டு பீடத்தருகே வந்தாள்.

“குமே, நான் வீடு வீடாப் போய்த் தலை குனியறேன். உன் வீட்டுக்கு மட்டும் வரல. ஏன்னு தெரியுமில்ல?”

“எனக்குக் காது மந்தம்னு நினைச்சீங்களாக்கும், நவோக்கா.”

“வெளையாடாதே. உன் கையெழுத்து ஊருக்கே தெரியும். எனக்குப் போட்டு நீ வம்புல மாட்டிக்க வேண்டாம். உங்க மச்சாண்டாருக்கே போட்டுடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“இத்தனை வருஷமா ‘மே’ பெட்டியிலயே உடுப்பு வைக்கறீங்க, பூட்டும் கிடையாது. நான் எப்பவாச்சும் உள்ள எட்டிப் பாத்தேனா?”

“இல்ல.”

“அப்ப என் சீட்டுக்குள்ள நீங்க எட்டிப் பாக்காதீங்க.”

நவோ சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. ஓட்டுப் போடாமல் இருக்கலாமா? யார் வந்தார், யார் வரவில்லை என்பது பத்து மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். எழுதத் தெரியாதவருக்கு அதிகாரி எழுதித் தருவார். தொண்ணூற்று நாலு பெட்டிக்கு எழுதியவள் போய் எழுதத் தெரியாது என்று நின்றால் அதிகாரியே சிரிப்பார். இடது கையால் எழுதிப் பார்த்தாள், ‘சி’க்கு அப்போதும் அதே பருத்த வயிறு. அத்தோடு இன்னொன்றும் உறுத்தியது. அவள் கை இசாபுரோவின் கை. அந்தக் கையால் அவன் அண்ணனை விட்டு இன்னொருவர் பெயரை எழுதுவது, செத்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து சாட்சி சொல்லச் சொல்வது போல இருந்தது.

வழி வந்தது பெட்டியடியில் கிடந்த பழைய தந்தியிலிருந்து. இசாபுரோ காரியத்துக்கு அவள் தம்பி அடித்தது. ‘உடனே புறப்படுகிறேன்’ என்று குச்சியெழுத்தில் ஒரே வரி. அதைக் கையில் எடுத்தவளுக்கு உப்பளத்துப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு கண்ணில் வந்து நின்றது. ஒரு வருஷம் எழுதியது, அதன் பிறகு முப்பத்தாறு வருஷம் தொடாதது. அந்த எழுத்தில் அவள் கை எப்படிப் போகும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. தீவில் முதல் வகுப்போடு நின்றவர் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் குச்சியெழுத்தில்தான் ஓட்டு எழுதுவார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம்.

மறுநாள் காலை தொட்டி கழுவும்போது, ஈர விரலால் காய்ந்த சிமெண்டுத் தரையில் எழுதிப் பார்த்தாள். ஹி, ரோ, செ, ந, ஓ. ‘ரோ’ சுலபம், மீன்பெட்டியை மேலிருந்து பார்த்தாற்போல் நாலு பக்கம். ‘ந’வும் வந்துவிட்டது. ‘செ’தான் எந்தப் பக்கம் மடங்கும் என்று மறந்து போயிருந்தது. தந்தியில் அந்த எழுத்து இல்லை. அரை நாள் யோசித்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் பார்த்தால், தினம் நாலு பேர் கையில் விற்கிற சோப்பின் சுற்றுத்தாளில் முதல் எழுத்தே ‘செ’! தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து நாள் எழுதினாள். எழுதுவது வெயில் வந்ததும் உலர்ந்துவிடும், அடுத்தது எழுதுவாள். முதலில் கோடுகள் நடுங்கின. போகப் போக நிமிர்ந்தன. ஒரு நாள் தோஃபு விற்கும் தத்சு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“என்னடி தரையில மண்டி போட்டுக்கிட்டு? யாருக்குக் கும்பிடு?”

“கறைக்கு.”

“தண்ணி தெளிச்சுத் தெளிச்சு விரலால தேய்ச்சா கறை போகுமா? இசோபே வீட்டு மருமக சுத்தமே தனி!” என்று தோஃபுவை வைத்துவிட்டுப் போனாள். நல்ல வேளை, தத்சுவுக்கு எந்த எழுத்தும் தெரியாது.

தேர்தல் அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. குமே நல்ல மேலங்கி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாசலுக்கு எதிரே சாலையோரம் சதகிச்சி நின்றிருந்தார்.

“வந்தியா.”

“வந்தேன் பெரியத்தான்.”

“பலகை நிறைய ஒதுக்கி வெச்சிருக்கேன். பழைய மூணாம் நம்பர் படகு. நாளன்னைக்கு வரும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குமே தலையாட்டினாள். உள்ளே போய்த் தடுப்புக்குள் நின்று பென்சிலை எடுத்தாள். ஒரு கணம் கை தானாகவே வளையப் பார்த்தது. நிறுத்தினாள். பிறகு குச்சி குச்சியாக ஐந்து எழுத்து போட்டாள். ‘ஓ’வின் கடைசிக் கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, புதையல் ஒளித்துவிட்டு வந்தவள்போல் லேசாக இருந்தாள்.

மறுநாள் காலை எண்ணிக்கை. மூன்று மணிக்குக் குமே வழக்கம்போல், கூடம் திறந்ததற்கு அடையாளமாக, வாசல் துணியைத் தொங்கவிட்டாள். ஆண்கள் பக்கம் முதலில் நுழைந்தவன் தொக்குஜி. சேதி தாங்காமல் வந்திருந்தான்.

“அப்பா நாப்பத்தோரு ஓட்டு, ரெண்டாவது இடம்! நவோம்மாவும் வந்துட்டாங்க, இருபத்தாறு. தோத்தது அந்த எண்ணெய்க்கடைக்காரரு.”

பெண்கள் பக்கத்திலிருந்து தத்சு, “அடி ஆத்தே! இனி சபையில உக்காந்து பிரசவம் பாப்பாங்க!” என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். குமேக்கும் சிரிப்பு வந்தது. மனசு குளிர்ந்துபோய் வாளிகளை அடுக்கினாள்.

தொக்குஜி பெட்டியருகே நின்று சட்டையைக் கழற்றினான். எதிரே இருந்த எழுத்தைப் பார்த்தான். பிறகு பீடத்தைப் பார்த்தான்.

“ஆமா சித்தி, ஒண்ணு கேக்கணும். அப்பா கட்டுல நாப்பத்தோரு சீட்டையும் நான் ஒண்ணொண்ணாப் பாத்தேன். உங்க கையெழுத்தைக் காணோமே?”

குமேயின் கையிலிருந்த வாளி நழுவி உருண்டது. நவோ கட்டில் தன் கை தெரியக்கூடாது என்று பத்து நாள் பாடுபட்டாளே, சதகிச்சி கட்டில் தன் கை இருக்கவேண்டுமே என்பதை ஒரு தடவையாவது நினைத்தாளா? ஊரே அறிந்த எழுத்து. அது ஓரிடத்தில் இருந்தாலும் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும்.

“வேற கட்டுல இருந்துச்சா?” என்று கேட்டாள். குரல் சரியாகத்தான் வந்தது.

“எங்கயுமே இல்ல. அதான் ஆச்சரியம். ஓட்டுப் போட வந்தீங்கன்னு அப்பா சொன்னாரு. சீட்டைத் தின்னுட்டீங்களா?”

பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிப் போனது. தத்சு மட்டும் மெல்ல, “தண்ணி ஆறுதுடா தொக்குஜி, போய்க் குளி” என்றாள். அவளுக்கு எழுத்துதான் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும்.

ஐந்து மணிக்குச் சதகிச்சி வந்தார். மகன் வழியில் பிடித்துச் சொல்லியிருக்கிறான் என்பது செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஆண்கள் பக்கத்தில் இருந்த இரண்டு கிழவர்களும் திடீரென்று முதுகு தேய்ப்பதில் மும்முரமானார்கள்.

“குமே.”

“ஜெயிச்சதுக்கு வாழ்த்து, பெரியத்தான்.”

“அது இருக்கட்டும். உன் எழுத்து எங்க போச்சு?”

பொய் சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள்.

“குச்சியெழுத்துல போட்டேன். சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடத்துல படிச்சது அதுதான்.”

“குச்சியெழுத்துலயா.” அவர் கணக்குப் பார்ப்பதுபோல் நின்றார். “என் கட்டுல குச்சியெழுத்துச் சீட்டு பதினொண்ணு இருந்துச்சாம். அதுல ஒண்ணு உன்னுதுன்னு வெச்சுக்கலாமா?”

தப்பிப் போகக் கதவு ஒன்றைத் திறந்துவிட்டு, போகிறாயா என்று கேட்கிறார். ஆம் என்றால் முடிந்தது. குமே மடியிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அந்த ஆகஸ்டுல துறையில ஒரு படகு கிடந்திருந்தா, இந்தப் பீடத்துல இப்ப அவருதான் உக்காந்திருப்பாரு” என்றாள். “அவ்வளவுதான் பெரியத்தான் எனக்குச் சொல்லத் தெரியுது.”

நாலு வருஷமாக இரண்டு பேரும் தொடாத பேச்சு. சதகிச்சி குளிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வண்டி வரவில்லை. வருவதாகச் சொல்லியிருந்த நாள் அது. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. குமே கூடையை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்குப் போய் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கினாள். ஈரமரம், புகைந்ததே தவிர எரியவில்லை. தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது. வந்தவர்கள் சீக்கிரம் குளித்துவிட்டுப் போனார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நவோ ஒரு கட்டு விறகை முதுகில் சுமந்து வந்து வாசலில் போட்டாள். ‘எடுத்துட்டுப் போங்க நவோக்கா, ஊரு பாக்குது’ என்று குமே சொன்னதற்கு, ‘பாக்கட்டும், உன் கண்ணுக்குப் புகை ஆகல’ என்றாள். மகளுக்கு ஒரு கடிதம் எழுதி வரச் சொல்லலாமா, இல்லை தானே எதிர்க்கரைக்குப் போய்விடலாமா என்று அந்த இரண்டு நாளும் குமே யோசித்தாள்.

மூன்றாம் நாள் காலை சக்கரம் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. வண்டி நிறைய மூன்றாம் நம்பர் படகின் பலகை, நன்றாக உலர்ந்தது. இழுத்து வந்தவன் தொக்குஜி. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் சதகிச்சி. அவர் வண்டி தள்ளி ஊர் பார்த்து இருபது வருஷம் இருக்கும்.

இறக்கி முடித்ததும் உள்ளே வந்தார். கையில் துண்டு, சோப்பு. திறக்கும் நேரம் ஆகவில்லை, தண்ணீர் சூடாகவில்லை, அதையெல்லாம் அவர் கேட்கவில்லை. நேரே எப்போதும் தான் உடுப்பு வைக்கும் ‘இ’ பெட்டிக்கு முன் நின்றார். முதல் பெட்டி. இருபத்தைந்து வருஷமாகக் கைபட்டுக் கைபட்டு அந்த எழுத்து பாதி அழிந்திருந்தது.

“இது மங்கிப் போச்சு. மேல எழுது.”

குமே மையைக் கரைத்துத் தூரிகையோடு வந்தாள். பலகைக்கு முன் கை நின்றது.

“எந்த எழுத்துல எழுதட்டும், பெரியத்தான்?”

அவர் திரும்பிப் பார்க்காமல் சட்டைக் கயிற்றை அவிழ்த்தார்.

“அவன் எழுத்துலயே எழுது. உன்னோடதை நீ வெச்சுக்க.”

‘இ’க்கு இரண்டே கோடு. பழைய தடத்தின் மேலேயே மெல்ல இழுத்தாள். மை உலரட்டும் என்று அவர் உடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.